ஃபில்டர் தாளம் போட்ட கதை

மோர்சிங் வாசிப்பவர் கையில் இருப்பது ஒரே ஒரு சுரம். நடுவில் உள்ள மெல்லிய இரும்பு நாக்கை எத்தனை முறை மீட்டினாலும் அது அதே சுருதியில்தான் அதிரும். ஆனாலும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்த கோர்வையை மோர்சிங் சொல் பிசகாமல் திருப்பித் தருகிறது. அது வாய் செய்யும் வேலை. வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கலைஞர் சுருக்கி விரிக்கச் சுருக்கி விரிக்க, இரும்பின் அதிர்வில் கலந்திருக்கும் மேல்சுரங்களில் சில தூக்கலாகக் கேட்கின்றன, சில அமுங்குகின்றன. சுரம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒலியின் நிறம் மட்டும் மாறுகிறது. அந்த மாற்றமே சொற்கட்டாகக் காதில் விழுகிறது.

மின்னணு இசையில் அந்த வாயின் இடத்தில் இருப்பது ஃபில்டர். வாயை எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணக்குச் சொல்வது சீக்வென்சர். இன்று குபேஸ், ஏபிள்டன் லைவ், லாஜிக் என எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குபேஸில் ‘ஸ்டெப் ஃபில்டர்’ என்றே ஒரு கருவி உண்டு. திரையில் பதினாறு கட்டங்கள் வரும். ஒவ்வொன்றிலும் மவுஸால் ஒரு புள்ளி வைத்தால் போதும், நீட்டிப் பிடித்த ஒற்றைச் சுரம் பதினாறு துண்டாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். உலகம் இதைப் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஃபில்டரின் கணக்கு எளிமையானது. 110 ஹெர்ட்ஸில் ஒரு ரம்ப அலையை ஒலிக்க விட்டால், அதனோடு 220, 330, 440 என்று மேல்சுரங்கள் அடுக்கடுக்காகக் கூடவே வரும். ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழை 500 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் முதல் நான்கு மட்டும் முழு பலத்தோடு வெளியே வரும், மற்றவை மங்கிவிடும். ஒலி கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். 5,000 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் நாற்பத்தைந்து வரும், ஒலி பளிச்சென்று முகத்தில் அடிக்கும். ரெசனன்ஸ் என்ற இன்னொரு குமிழ், கட்-ஆஃப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மேல்சுரத்தை மட்டும் தூக்கிக் காட்டும். அதைக் கூட்டிக்கொண்டே போனால் பல ஃபில்டர்கள் தாமாகவே விசிலடிக்க ஆரம்பித்துவிடும். இந்த இரண்டு குமிழ்களையும் தாளத்துக்குள் அடக்குவதுதான் மொத்தக் கலையும்.

1950களில் இது சவரக் கத்தி வேலை. கொலோன், பாரிஸ் வானொலி நிலையங்களின் கூடங்களில் ஒலிகளைத் தனித்தனியாக நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டித்தான் இசையமைத்தார்கள். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில், ஓர் அடியைப் பங்கிட்ட கால் பங்கு நாடாவில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இப்படி ஒரு நிமிடத்தை நிரப்ப 480 துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு துண்டும் வேறு நிறத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனியே ஃபில்டர் வழியாக அனுப்பிப் பதிய வேண்டும்.

இந்த வேலையிலிருந்து விடுபட விரும்பியவர்களில் இருவர் மோர்ட்டன் சபோட்னிக்கும் ரமோன் செண்டரும். சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரைத் தொடங்கி நடத்திய அவர்கள், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த நிதியிலிருந்து 500 டாலர் எடுத்துக் கொடுத்து, டான் பூக்லா என்ற பொறியாளரிடம் தங்களுக்கென ஒரு கருவி செய்யச் சொன்னார்கள். 1960களின் நடுவில் உருவான அந்த பூக்லா 100 வரிசையில் எட்டுப் படி, பதினாறு படி சீக்வென்சர்கள் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் குமிழ். அவற்றைத் திருப்பி வைத்துவிட்டால், துடிப்பு ஒவ்வொரு படியாக நகர்ந்து அந்தந்தக் குமிழின் மின்னழுத்தத்தை வெளியே அனுப்பும். அதுவரை கத்தி பார்த்த வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. சபோட்னிக் இந்தக் கருவியில் உருவாக்கிய ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்’ 1967-இல் நோன்சச் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது.

அமெரிக்காவின் மறு கரையில் இதே காலத்தில் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து 1964-இல் தம் முதல் மாதிரியைச் செய்தார். நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் அவருடைய பட்டறை இருந்தது. ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற முறை அங்கே நிலைபெற்றது. டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஏணிப்படியாக அடுக்கி மூக் வடிவமைத்த ஃபில்டருக்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் கட்-ஆஃபும் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. அவருடைய 960 சீக்வென்சரில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் குமிழ். முதல் வரிசையைச் சுருதிக்கு இணைத்துவிட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வயரை எடுத்து ஃபில்டரில் செருகினால், சுரத்துக்கு ஒரு கணக்கும் நிறத்துக்கு ஒரு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

மூக்கும் பூக்லாவும் கீபோர்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் மாறுபட்டார்கள். ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கருவியின் எல்லாப் பாகங்களும் ஒரே மொழியில், அதாவது மின்னழுத்தத்தில் பேச வேண்டும். இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் அதுதான். சுரத்தை ஏற்றி இறக்கச் செய்த சீக்வென்சர், யாரும் தனியாகத் திட்டமிடாமலேயே நிறத்தையும் ஏற்றி இறக்கும் கருவியாயிற்று.

மூக் கருவி ஒன்று இந்தியாவுக்கும் அப்போதே வந்துவிட்டது என்பது பலருக்கும் தெரியாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவி, ஒரு மின்னணு இசைக்கூடத்தைத் தொடங்க உதவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் மூடப்பட்டது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் புர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடிப் போய் எடுத்த பிறகு, 2023-இல்தான் அந்த இசை தொகுப்பாக வெளிவந்தது.

ஃபில்டரின் தாளத்தை முதலில் பெருங்கூட்டத்தின் காதுக்குக் கொண்டுபோனவர்களில் ‘த ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் முக்கியமானவர். 1971-இல் வந்த ‘வோண்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ பாட்டில் அவர் லவ்ரி ஆர்கனில் சாதாரணமாகச் சில நாண்களைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அந்த ஒலி லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் செய்த வி.சி.எஸ்.3 சிந்தசைசருக்குள் போகிறது. மெதுவாக அதிரும் ஓர் ஆஸிலேட்டர் அதன் ஃபில்டரைத் திறந்து மூடுகிறது. விரல் அசையாமல் நிற்க, ஆர்கன் துடிக்கிறது. டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் அந்தத் துடிப்போடு சேர்ந்து வாசித்தார். இயந்திரம் தாளத்தைத் தர, மனிதர் அதைப் பின்தொடர்ந்த ஆரம்ப காலப் பெரிய ராக் பாட்டுகளில் இது ஒன்று.

ஜெர்மானியர்கள் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். டேஞ்சரின் டிரீம் குழு இங்கிலாந்தின் மேனர் கூடத்தில் பதிந்து 1974-இல் வெளியிட்ட ‘ஃபேட்ரா’வில், கிறிஸ்டோஃபர் ஃபிராங்கெ இயக்கிய மூக் சீக்வென்சர் நிமிடக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கருவி சூடேறச் சூடேற ஆஸிலேட்டர்களின் சுருதி நழுவியது. அந்த நழுவலையும் அவர்கள் இசைத்தட்டில் அப்படியே விட்டுவைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மியூனிக்கின் மியூசிக்லேண்ட் கூடத்தில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லட்டும் டோனா சம்மருக்காக ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டைச் செய்தபோது அதே நழுவல் பெரிய தொல்லையாக இருந்தது. சில நொடிகள் பதிவதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மறுபடி பதிவதுமாகத்தான் வேலை நகர்ந்தது. ராபி வெடல் என்ற பொறியாளர் நாடாவின் ஒரு தடத்தில் துடிப்பைப் பதிந்து வைத்து, அதைக் கொண்டே மூக்கை ஓட்டும் வழியைக் காட்டினார். அதனால் அடுத்தடுத்துப் பதிந்த தடங்கள் எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பேஸ் டிரம் மட்டும் கீத் ஃபோர்ஸி காலால் வாசித்தது. ஹை-ஹேட் போலக் கேட்பதுகூட மூக்கின் இரைச்சலைச் சீவி எடுத்ததுதான். நடனத்துக்கான பாட்டு ஏறக்குறைய முழுவதையும் சிந்தசைசரிலேயே கட்டலாம் என்பதை 1977-இல் உலகம் இந்தப் பாட்டில்தான் கேட்டது.

இதுவரை சொன்னவை எல்லாம் பணம் படைத்தவர்களின் கருவிகள். சாமானியர் கைக்கு இந்தக் கலை வந்தது ஒரு தோல்விப் பொருளின் வழியாக. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்துக்காக டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த டி.பி.-303, 1981-இன் இறுதியில் சந்தைக்கு வந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிப்பதுதான் அதன் வேலை. வெள்ளி நிறத்தில் சின்னப் பெட்டி, விலை 395 டாலர். பேஸ் கிட்டாரைப் போல அது ஒலிக்கவே இல்லை. சுமார் 10,000 கருவிகளோடு 1984-இல் உற்பத்தி நின்றது.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மேலே வரிசையாக ஆறு குமிழ்கள்: சுருதி, கட்-ஆஃப், ரெசனன்ஸ், என்வலப் அளவு, டிகே, ஆக்சென்ட். கீழே ஒரு ஸ்தாயிக்கான பொத்தான்கள். பதினாறு படிகளுக்கும் சுரங்களை முதலில் வரிசையாகக் கொடுக்க வேண்டும். பிறகு வேறு நிலைக்கு மாறி, எந்தப் படியில் ஒலி, எதில் நீட்டல், எதில் மௌனம் என்று காலக் கணக்கைத் தனியே கொடுக்க வேண்டும். சுரமும் காலமும் இப்படிப் பிரிந்து கிடப்பதால், காலத்தில் ஒன்று தவறினாலும் சுரங்கள் எல்லாம் இடம் மாறி, நினைத்தே பார்க்காத ஒரு வரி பிறக்கும். விரும்பிய படிகளுக்கு ‘ஸ்லைடு’ தரலாம். அப்போது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஒலி சுமார் 60 மில்லி நொடியில் வழுக்கிப் போகும்.

ஆக்சென்ட்தான் அதன் உயிர். ஆக்சென்ட் வைத்த படியில் ஒலி பலமாவதோடு ஃபில்டரும் கூடுதலாகத் திறக்கும். அந்தத் திறப்பு ஒரு மின்தேக்கியின் வழியே நடக்கிறது. அடுத்தடுத்த படிகளில் ஆக்சென்ட் வந்தால், முதல் ஆக்சென்டின் மின்னூட்டம் முழுதாக வடிவதற்குள் இரண்டாவது வந்து சேரும். அதனால் இரண்டாவது படியில் ஃபில்டர் இன்னும் மேலே போகும், மூன்றாவதில் இன்னும் மேலே. ஒரே அளவு ஆக்சென்ட் வைத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒலி வேறுபட்டு, படிப்படியாக ஏறிக் கத்துகிறது. இதன் அளவு ரெசனன்ஸ் குமிழோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. கணினியில் 303-ஐப் போலச் செய்ய முயன்றவர்கள் பலரும் தடுமாறிய இடம் இது. படிகளின் கணக்கை யாரும் நகலெடுத்துவிடலாம். முந்தைய படியின் மிச்சம் அடுத்த படியில் கலக்கும் விதத்தை நகலெடுப்பது கடினம்.

303-ஐ மிக முன்பே ஒரு முழு ஆல்பத்தில் கையாண்டவர் ஒரு பம்பாய்க்காரர். இந்தித் திரையிசைக் கூடங்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ரோலண்டின் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு 1982-இல் ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டை எச்.எம்.வி.க்காகச் செய்தார். பைரவ், லலித், தோடி, மேக மல்ஹார் என்று பத்து ராகங்கள். நமக்கு மோகனமும் இந்தோளமும் கல்யாணியும் போல ஒலிக்கும் பூபாளி, மால்கௌன்ஸ், யமன் மூன்றும் அதில் உண்டு. சுரங்கள் ராகத்துக்குள் கட்டுப்பட்டு ஓட, 303-இன் வழுக்கல் ‘மீண்ட்’ என்ற இந்துஸ்தானி கமகத்தின் சாயலைத் தர, அடியில் 808 அசையாமல் டிஸ்கோ அடிக்கிறது. அன்று அதை யாரும் பெரிதாக வாங்கவில்லை. எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் 2002-இல் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகு, எழுபதைக் கடந்த வயதில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015-இல் காலமானார்.

உலகப் பேர் வாங்கியது சிகாகோ. பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் என்ற மூன்று இளைஞர்கள் ‘ஃப்யூச்சர்’ என்ற பெயரில் இயங்கினார்கள். ஸ்பாங்கி பழைய 303 ஒன்றை வாங்கி வந்தார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பியர் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். கிட்டாருக்குத் துணை போகச் செய்த கருவியில், ஒரு முறை சரிசெய்து வைத்துவிட வேண்டும் என்று கருதப்பட்ட குமிழ்கள் அவை. அவர் அவற்றை வாசித்தார். வரி மாறவே இல்லை, பதினாறு படி திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது நிறம் மட்டுமே. இரு கரங்களின் வேகத்தில் ஒலி அமுங்குகிறது, சீறுகிறது, கத்துகிறது. பதிந்த நாடாவை மியூசிக் பாக்ஸ் என்ற நடன அரங்கில் டி.ஜே. ரான் ஹார்டி போட்டார். முதலில் கூட்டம் கலைந்தது, அதே இரவில் நான்காம் முறை போட்டபோது ஆடித் தீர்த்தது என்று பியர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மார்ஷல் ஜெஃபர்சன் யோசனைப்படி வேகத்தைக் குறைத்து, 1987-இல் டிராக்ஸ் நிறுவனம் அதை ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகைக்கு அதிலிருந்தே பெயர் வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். சீக்வென்சர் தாளத்தைக் காத்தது, மனிதக் கை நிறத்தைக் கொண்டுவந்தது. இந்தப் பங்கீட்டைவிடச் செழுமையான ஒன்றை அதற்கு முன்னோ பின்னோ யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் 1983-இல் மிடி வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வழி பிறந்தது, கால் அடிக்கு ஆறாக ஓர் அடிக்கு 24 துடிப்பு என்று தாளக் கணக்கும் பொதுவாயிற்று. ஆனால் மின்னழுத்தம் வழுக்கிச் சென்ற இடத்தில் இப்போது 0 முதல் 127 வரை எண்ணும் படிகள் வந்தன. ஃபில்டரை மெதுவாகத் திறந்தால் அந்தப் படிகள் கரகரவென்று காதில் உரசின. மென்பொருள் ஃபில்டர்களிலும் படிகளை இழைத்து மழுப்புவதற்கே தனி வேலை தேவைப்பட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபில்டருக்குள்ளேயே இருந்தது. மூக்கின் ஏணியில் வெளியே வரும் ஒலி, ரெசனன்ஸுக்காக அந்த நொடியே உள்ளே திரும்பும். கணினியோ நொடிக்கு 44,100 முறை கணக்கிடுகிறது. அங்கே வெளிவந்தது உள்ளே திரும்ப ஒரு கணக்கு தாமதமாகும். கட்-ஆஃப் உயர உயர இந்தச் சிறு தாமதம் ரெசனன்ஸின் சுருதியையும் அளவையும் கெடுக்கும். ஸ்டான்ஃபோர்டின் டிம் ஸ்டில்சன், ஜூலியஸ் ஸ்மித் இருவரும் 1996-இல் இந்தச் சிக்கலை அலசி எழுதினார்கள். டிரான்சிஸ்டர்கள் பலமான ஒலியில் வளைந்து கொடுக்கும் தன்மையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 2004-இல் பின்லாந்தின் ஆன்டி ஹுவோவிலைனன் முன்வைத்தார். இன்றைய மென்பொருள் ஃபில்டர் வேகமாகத் திறந்து மூடும்போதும் பிசிறில்லாமல் ஒலிக்கிறதென்றால் அதற்கு இவர்களைப் போன்றோரின் கணக்கே காரணம். இசை வரலாறுகளில் இவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும்.

ஸ்டாக்ஹோமின் புரொபெல்லர்ஹெட் நிறுவனம் 1997-இல் ‘ரீபர்த்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. திரையில் இரண்டு 303-களும் ஒரு 808-உம் இருந்தன. பழைய 303-க்கு அப்போது ஏகப்பட்ட விலை. சாதாரணக் கணினி வைத்திருந்த மாணவருக்கு இரண்டு ஒரே நேரத்தில் கிடைத்தன, செய்த திருகல்களும் கணினியின் நினைவில் பதிந்தன. 2005-இல் அந்நிறுவனம் அதை விற்பதை நிறுத்தி இலவசமாக்கியது. 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ், குபேஸின் ஸ்டெப் ஃபில்டர் போன்றவை இன்னொரு படி போயின. சிந்தசைசர் ஒலி என்றில்லை, பாட்டுக்காரியின் குரலையோ மழைச் சத்தத்தையோ எடுத்து அதே பதினாறு கட்டத்துக்குள் போடலாம். டவுன்ஷெண்ட் ஆர்கனை வி.சி.எஸ்.3-க்குள் செருகியதன் நேர் வாரிசு இது.

தென் லண்டனில் வளர்ந்த டப்ஸ்டெப் கலைஞர்கள் 2000களில் இதைத் தாள விளையாட்டாகவே ஆக்கினார்கள். அங்கே பேஸ் ஒரே சுரத்தில் நீள, ஃபில்டரை ஆட்டும் அலையின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்: ஓர் அடிக்கு இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கு, மறுபடி மூன்று. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும் நடை மாற்றம் என்று உடனே புரியும்.

அகமதாபாத்தின் நாடாக்களையும் பம்பாயின் இசைத்தட்டையும் வெளியூர்க்காரர்கள் வந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. சென்னைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1980களின் பிற்பாதியிலிருந்து கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் சிந்தசைசரையும் சீக்வென்சரையும் ஓட்டிய கீபோர்டு கலைஞர்கள், புரோகிராமர்கள் பலர் இன்று நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கருவி எந்தப் படத்துக்கு வந்தது, எந்த ஒலியை யார் செய்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் வைத்திருக்கும் ஃபிளாப்பிகளின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு பலம் குறைந்துகொண்டிருக்கிறது. இசைக் கல்லூரிகளும் திரைத்துறைச் சங்கங்களும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், இந்த ஆண்டே.